கத்திரிக்காயின் நாடி

“மம்மி, அதை ஏன் கத்திரிக்காய்க்குக் கட்டினே?”

“நான் எங்கடி கட்டினேன்? உன் சித்தி பண்ற வேலை. குழம்புக்கு எடுத்து வெச்சிருந்தேன், அதுக்குள்ள...”

“எழுபத்திநாலு!” என்று நோரா கத்திரிக்காயைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக் காட்டினாள். அதன் வயிற்றில் கறுப்பு வார் சுற்றியிருந்தது. வாருக்கு நடுவே சின்னச் சதுரக் கண்ணாடி. அதில் ஒரு சிவப்பு இதயம் துடித்துத் துடித்து அணைந்துகொண்டிருந்தது. “பாரு கேரல், இத்தனை வருஷமா உங்கம்மா உசிரோட இருக்கிறதைத்தான் எண்ணெயில போட்டு வதக்கியிருக்கா.”

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம். மர்பி டவுனில் அந்த இரண்டறை வீட்டின் சாப்பாட்டு மேசையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒயிட்ஃபீல்டிலிருந்து கேத்தரினின் மகள் கேரல் கொண்டுவந்தவை. ஒன்று உள்ளூர்க் கம்பெனி வாட்ச், மலிவு. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு. அதன் பெட்டியைத் திறந்தபோதே யாரோ மூச்சை இழுத்துக்கொண்டதைப் போல ஒரு சத்தம் வந்தது.

“ரெண்டையும் ஒரு வாரம் போட்டுப் பாருங்க. சனிக்கிழமை பிக்கப்புக்கு ஆள் வரும். வேண்டாததைக் குடுத்துடலாம். என்னைக் கேட்டா இம்போர்ட்டட்தான். சித்தி விழுந்தா நேரா எனக்கே போன் வரும். அது பொய் சொல்லாது.”

“இது மட்டும் பொய் சொல்லுதாக்கும்?” நோரா கத்திரிக்காயைத் தட்டிக்கொடுத்தாள்.

“அது வெறும் லைட்டு சித்தி. பச்சை லைட்டை அடிச்சு, திரும்பி வர்றதை வெச்சு ஒரு கணக்கு போடும். எதுமேல வெச்சாலும் ஏதோ ஒரு நம்பர் காட்டிடும். சீப் சென்சார்.”

நோரா விடவில்லை. சுருட்டிய துண்டுக்குக் கட்டினாள். துண்டுக்கும் நாடி இருந்தது. சோப்புக்கட்டிக்கும் இருந்தது. அவள் கை அந்தோணியார் சுரூபத்தை நோக்கிப் போனபோது கேத்தரின் கரண்டிக் காம்பால் ஒன்று வைத்தாள்.

“சாமிகிட்ட வெளையாடாத!”

“எப்படி இருக்காருன்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கேத்தரின் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டாள்.

வாட்ச் எதற்கு என்றால், மே மாதம் நோரா குளியலறையில் விழுந்தாள்.

கேத்தரினுக்கு அவள் சர்ச்சின் பங்கு மக்களிடையே ஒரு வேலை உண்டு; யாரும் கொடுக்காமல் தானாக வந்து சேர்ந்தது. ஏதாவது வீட்டில் பெண் ஒருத்தி இறந்துவிட்டால், பெட்டி வருவதற்கு முன் கேத்தரினைத்தான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, நல்ல புடவை உடுத்தி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, கடைசியாக வெள்ளை மல் துணியை நாடாவாகக் கிழித்துக் கால் கட்டைவிரல்களைக் கட்டுவாள். வலது விரலில் ஒரு முடிச்சு, இடது விரலில் ஒரு முடிச்சு. பிறகு கல்லறையில் மூடி போடுமுன் அவளேதான் குனிந்து அந்த முடிச்சுகளை அவிழ்ப்பாள். கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும் என்பது பழக்கம். முடிச்சோடு இருப்பவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாது என்பார்கள். தன் கணவர் ரெமிஜியஸ் போனபோது ஆண்பிள்ளைகளை விலக்கிவிட்டு அவருக்கும் அவளே கட்டினாள், அவளே அவிழ்த்தாள்.

அன்றைக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்தவள், குளியலறைத் தரையில் தங்கை கிடந்ததைப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். மூக்கின் அருகே கையை வைத்தாள். கத்தவில்லை. அந்தக் கைகளுக்கு இதெல்லாம் தெரிந்த வேலை. அவை அவளைக் கேட்காமலே தொடங்கிவிட்டன. தலையைத் துவட்டின, கால்களை நேராக நீட்டின, துணியைக் கிழித்தன. இரண்டாவது முடிச்சை இறுக்கியபோது நோரா கேட்டாள்:

“ஏன்க்கா காலைக் கட்டறே?”

தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கேத்தரின் கட்டினா பொணமே எழுந்து கேள்வி கேக்குது என்றார்கள். அன்று பதறிப்போய்க் கத்திரிக்கோலை எடுத்து இரண்டு விரலுக்கும் நடுவே துணியை வெட்டினாள் கேத்தரின். வெட்டினாளே தவிர முடிச்சை அவிழ்க்கவில்லை. இரண்டு விரலிலும் வெள்ளை வளையம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு கழற்றப் போனால் நோரா காலை இழுத்துக்கொண்டாள்.

“இருந்துட்டுப் போகட்டுமே. கல்யாணம் ஆகாதவளுக்கு ஒரு மெட்டி.”

பக்கத்து கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ‘எர்ரர்’ என்றது. டாக்டர் பேட்டரியைக் குறை சொன்னார். போனில் யாருடனோ பேசிக்கொண்டே நோராவின் மணிக்கட்டைப் பிடித்தவர், “நாடி ரொம்ப லேசா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லேன்னா ஒரு வாட்ச்சாவது கட்டி ரீடிங் கொண்டாங்க” என்று அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டேன் என்றாள் நோரா. அதனால்தான் வாட்ச்.

“சரி, இப்ப நல்லதைப் போட்டுப் பாப்போம்,” என்று கேரல் வெளிநாட்டு வாட்ச்சை எடுத்தாள். முதலில் கத்திரிக்காய். கண்ணாடியில் ஒரு சின்னக் கோடு மட்டும் வந்தது, எண் இல்லை. துண்டு, கோடு. சோப்பு, கோடு.

“பாத்தீங்களா? உசிரு இருந்தாத்தான் பேசும்.”

கேரல் தன் கையில் கட்டினாள். எண்பத்திரண்டு. கேத்தரினின் கையில், கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுபது.

நோராவின் கையில் கோடு.

“வாரை இறுக்கு.”

இறுக்கினார்கள். கோடு.

“மறு கையில போடு.”

மறு கையிலும் அதே கோடு.

“நான்தான் சொன்னேனே,” என்றாள் நோரா, “இம்போர்ட்டட் எல்லாம் ஆள் பாத்துத்தான் பேசும்.”

கேரல் போனில் எதையோ தேடிப் படித்தாள். “கை ரொம்ப சில்லுன்னு இருந்தா, ரத்த ஓட்டம் கம்மியா இருந்தா எடுக்காதாம். சித்தி, உன் கை ஐஸ் மாதிரி இருக்கு. சாக்ஸ் போடு, சுடுதண்ணி குடி. ஒரு வாரம் கட்டிட்டிரு, பழகிடும்.”

யாருக்கு எது பழகும் என்று அவள் சொல்லவில்லை. மறுபடி மலிவு வாட்ச்சை எடுத்து நோராவின் கையில் கட்டினாள் கேத்தரின். உடனே எண் வந்தது. எழுபத்திநாலு.

மேசைமேல் கிடந்த கத்திரிக்காயை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் அது விழவும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அல்சூர் ஏரிப் பக்கத்துக் கொசு அத்தனையும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவுக்குள் வந்துவிடும். பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கேத்தரின், ஒரு கையால் கொசு பேட்டை வீசிக்கொண்டேயிருந்தாள். பட் பட் என்று பொறி பறந்தது. நோரா ஸ்டூலில் உட்கார்ந்து, கை வைக்காத நைட்டியில், நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

“உன்னை ஏன்டி ஒண்ணும் கடிக்கல?”

“டீச்சர்னு தெரிஞ்சிருக்கும். பயம்.”

“போன வருஷம் உன்னைத்தான் பிடுங்கி எடுத்துச்சு. வேப்பெண்ணெயைத் தடவிக்கிட்டு நாறிக்கிட்டு அலைஞ்சியே.”

“அது போன வருஷம்.”

பேட்டைக் கீழே வைத்துவிட்டு கேத்தரின் பார்த்தாள். ஒரு கொசு நோராவின் முழங்கைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. சற்று நடந்தது. ஊசியை இறக்கவில்லை. மேசை விளிம்பில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டதைப் போல எழுந்து நேராகக் கேத்தரினின் கழுத்துக்கு வந்தது.

அவள் அதை அடிக்கவில்லை.

“நோரா.”

“ம்.”

“அன்னைக்கு விழுந்தியே. உனக்கு என்ன தெரிஞ்சுது?”

“எத்தனை வாட்டி கேப்பே?”

“இப்பதான் கேக்கறேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் கேக்கல.”

நோரா பேப்பரை மடித்தாள். “நீ துணி கிழிச்சது கேட்டுச்சு. சர்ருன்னு. அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி. பஸ் வந்துடுச்சு, படியில ஒரு கால் வெச்சுட்டேன். வலி கிலி ஒண்ணுமில்லைக்கா, காத்தா இருந்துச்சு. அப்ப யாரோ ரெண்டு காலையும் பிடிச்சுட்டாங்க.”

“நான்தான்.”

“நீதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“பஸ்ஸு?”

“நிக்குது போல. ஆஃப் பண்ணாம நிப்பாட்டியிருந்தா ஒரு சத்தம் வருமே, உர்ருன்னு. ராத்திரியும் பகலும் அது கேட்டுக்கிட்டே இருக்கு. நீ மிக்ஸி போடறப்ப மட்டும்தான் கேக்கறதில்ல.” சொல்லிவிட்டு நோரா சிரித்தாள். “பயந்துட்டியா? சும்னே சொன்னேன், வெளையாட்டுக்கு.”

கேத்தரின் துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். தங்கையின் மணிக்கட்டு ஒரு எட்டில் இருந்தது. எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்துப் பார்த்த விரல்கள் அவளுடையவை, வாட்ச்சே தேவையில்லை. மே மாதத்திலிருந்து அந்த மணிக்கட்டை மட்டும் அவை தொட்டதில்லை.

*

“வாட்ச்சுல கோளாறுதான் ஆண்ட்டி. கொண்டாங்க, பாத்துடலாம்,” என்றான் முனிராஜ்.

அல்சூர் பஜாரில் மொபைல் கடை வைத்திருப்பவன். சின்ன வயதில் நோராவிடம் படித்தவன். ஏழாம் வாய்ப்பாடு வராமல் அவளிடம் அடி வாங்கியதை ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுவான். சகோதரிகள் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். மத்தியான வெயில், பஜாரில் பூக்கடைகளிலிருந்து தண்ணீர் தெளிக்கும் வாசனை.

“டீச்சர், ஏழெட்டு எவ்வளவு, கேளுங்க பாக்கலாம்.”

“வேணாம்ப்பா, உன் கஸ்டமருங்க முன்னாடி உன் மானம் போகும்.”

முனிராஜ் சிரித்துக்கொண்டே வெளிநாட்டு வாட்ச்சைத் தன் கையில் கட்டினான். வேலை செய்தது. கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான், கோடு. கேத்தரினின் கையில் வேலை செய்தது.

“ஃபர்ஸ்ட் கிளாஸ் பீஸ். இதுல ஒரு தப்பும் இல்ல. டீச்சர், கையைக் குடுங்க. நீங்க டைட்டா கட்டியிருக்க மாட்டீங்க.”

அவன் நோராவின் மணிக்கட்டைத் துணியால் துடைத்தான். வாரை ஒரு துளை உள்ளே தள்ளிக் கட்டினான். மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அடியில் பச்சை வெளிச்சம் தேடித் தேடி மின்னியது, பிறகு அணைந்தது. கோடு.

“கை சில்லுன்னு இருக்குது டீச்சர். கொஞ்சம் சூடு பண்ணா சரியாயிடும்.” நோராவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். “எங்கம்மாவும் கடைசியில இப்படித்தான்...”

தேய்ப்பது மெதுவானது. நின்றது. இறந்துபோன முனிராஜின் தாயைக் கேத்தரின் குளிப்பாட்டிய அன்று உதவிக்குக் கூப்பிட ஆளில்லாமல் அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கையை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான். நோராவின் கையைக் கண்ணாடிமேல் வைத்தான். விட்டான் என்று சொல்ல முடியாது. இறக்கி வைத்தான்.

“என்னப்பா முனிராஜ்?” என்றாள் நோரா. “ஃபெயிலா பாஸா?”

அவன் உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்தான். பிறகு கேத்தரினை மட்டும் பார்த்துப் பேசினான்.

“ஆண்ட்டி, இது நமக்கு பேடா, வேணாம். திருப்பிக் குடுத்துடுங்க. லோக்கல் வாட்ச்சே வெச்சுக்கோங்க.”

“கேரல் இதுதான் கரெக்ட்டுன்னு சொல்றா.”

“கரெக்ட்டுதான். லோக்கல் வாட்ச் யாரையும் கேள்வி கேக்காது ஆண்ட்டி. கட்டினா ஓடும். அவ்ளோதான்.”

ஆட்டோவில் ஏறும்போது கேத்தரின் திரும்பிப் பார்த்தாள். அந்த மத்தியானத்திலும் முனிராஜ் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டிருந்தான். வாசலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். நோரா நின்ற இடத்தில்.

“பையனுக்கு வியாபார புத்தி இல்ல,” என்றாள் நோரா. “விலை ஒசந்ததை வேண்டாம்கறான்.”

*

வெள்ளிக்கிழமை கேரல் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள் கேத்தரின்.

“இன்னும் கோடுதான் வருதா? அப்ப பீஸ்தான் டிஃபெக்ட். நான் ரீப்ளேஸ்மென்ட் போடறேன் மம்மி. அதுவும் காட்டலேன்னா திங்கக்கிழமை நான் லீவு போட்டு வரேன். சித்தியை ஆஸ்பத்திரில சேத்து முழுசா வயர் மாட்டிப் பாத்துடலாம். உள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சு?” என்றாள் கேத்தரின்.

“தெரிஞ்சு என்னவா? தெரிஞ்சாத்தானே மம்மி ஏதாவது பண்ண முடியும்?”

“லோக்கல்ல எழுபத்திநாலு வருதே.”

“அது கத்திரிக்காய்க்கும் வரும்!”

கேத்தரின் போனை வைத்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நோராவின் டம்ளரில் ஏடு கட்டிவிட்டது. இப்போதெல்லாம் அவள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொள்வாள், உதட்டில் வைப்பாள். குடித்ததைக் கேத்தரின் பார்த்ததில்லை.

“எனக்கும் ஒண்ணு தோணுதுக்கா,” என்றாள் நோரா. “வயர் மாட்டி ஒரு டாக்டர் வாயால சொல்லிட்டா, அப்புறம் என்னால உக்காந்திருக்க முடியாதுன்னு நெனைக்கறேன். இது வரைக்கும் யாரும் சொல்லலை. அதான் இருக்கேன்.”

“வாயைக் கழுவு.”

“நீ கோவப்படாதே. வலது கால் முடிச்சு தளர்ந்துடுச்சு. நேத்து குளிக்கும்போது பாத்தேன். தானா அவுந்துடும் போல இருக்கு. நீ நல்ல வாட்ச்சை வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கோ. முடிச்சையும் அவுத்துடு. இல்லேன்னா...” டம்ளரைக் கீழே வைத்தாள். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கட்டினவ நீ. நீதான் சொல்லணும்.”

“உனக்கு என்ன வேணும்?”

நோரா தலையைச் சற்றுச் சாய்த்து, கேத்தரினுக்குக் கேட்காத ஏதோ ஒன்றைக் கேட்டாள். “அவ்வளவு நேரம் வண்டியை ஓட விட்டுட்டு நிக்கறாங்களே, அதுதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு,” என்றாள்.

கேத்தரின் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டாள். அதில் அரைக்க ஒன்றுமில்லை.

அன்று படுக்கையில் அவள் இரண்டு பக்கமும் யோசித்தாள். ரெமிஜியஸ் போன பிறகு இந்த வீட்டில் அவளுடன் பேச நோராதான் இருந்தாள். பேப்பரை உரக்கப் படிக்க, சாமியாரின் பிரசங்கத்தில் குறை கண்டுபிடிக்க, கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க. நோரா போய்விட்டால் காலையில் எழுந்து யாரிடம் என்ன சொல்வது? அவிழ்ப்பது நல்ல காரியம் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வீட்டுப் பெண்களிடம், விடும்மா, அவங்க போகட்டும், பிடிச்சு வெக்காதே என்று அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

*

சனிக்கிழமை காலை பிக்கப் ஆள் வந்தான். முதுகில் பெரிய பை, காதில் போன்.

“ரிட்டர்ன் பீஸ் குடுங்கம்மா. எது?”

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. நோரா நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தாள். கேத்தரின் கை ஒரு பெட்டியைத் தொட்டது. பிறகு மற்றதைத் தொட்டது. வெளிநாட்டு வாட்ச்சை எடுத்து நீட்டினாள்.

“எல்லாரும் மலிவானதைத்தான் திருப்பிக் குடுப்பாங்க,” என்று அவன் ஆச்சரியப்பட்டான். “காரணம் ஒண்ணு அடிக்கணும்மா. சரியா வேலை செய்யலையா?”

“சரியா வேலை செய்யுது.”

“அப்ப?”

“பிடிக்கலை.”

அவன் போனில் தட்டினான். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, நோராவைப் பார்த்து, “வரேன் ஆண்ட்டி” என்றான். நோரா கையை ஆட்டினாள். அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. அது தேய்ந்து அடங்கிய பிறகும் கேத்தரினுக்கு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. உர்ரென்று, நகராமல் நிற்கிற வண்டியின் சத்தம். இதுவரை அவளுக்குக் கேட்டதில்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தரையில் உட்கார்ந்தாள்.

“காலைக் குடு.”

நோரா வலது காலை அக்காளின் மடியில் வைத்தாள். மாதக்கணக்கில் தண்ணீர் பட்டும் துணி கிழித்த அன்றிருந்த வெள்ளையாகவே இருந்தது. முடிச்சு பாதி பிரிந்து நின்றது. ஒரு நுனியைத் தொட்டால் போதும், வந்துவிடும்.

கேத்தரின் இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு போட்டாள். அதன் மேலும் ஒன்று.

“இறுக்கிட்டியா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“இறுக்கிட்டேன்.”

“சரி.”

அந்தச் சரியில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கேத்தரின் மலிவு வாட்ச்சை எடுத்துத் தங்கையின் கையில் கட்டினாள். பச்சை வெளிச்சம் மின்னியது. எழுபத்திநாலு என்று வந்து நின்றது.

“ரொம்ப இறுக்கிட்டேனா நோரா? வலிக்குதா?”

நோரா காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

“தெரியலையேக்கா,” என்றாள்.